வூட்டிங் 60 ஹெச்இ: நிற்கத் தெரிந்தவர்களுக்கான கீபோர்டு

இந்தக் கீபோர்டைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: வாங்கினால் ராங்க் ஏறுமா? ஏறாது. எதிராளி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று ஊகிக்கத் தெரியாதவருக்கு எந்தக் கீபோர்டும் அதைச் சொல்லித் தரப்போவதில்லை. இருந்தும் இதை வாங்கலாம் என்றுதான் சொல்வேன். கூடவே, இதில் இருக்கும் ஒரு வசதியை மட்டும் அணைத்து வையுங்கள் என்றும் சொல்வேன். அது என்ன, ஏன் என்பதற்கு வர கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகலில் சப்டைட்டில் அடிப்பது என் பிழைப்பு; தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பில், நாள் பூராவும். இரவில் ஐந்து பேர் கொண்ட ஓர் அமெச்சூர் டீமில் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறேன். டீமில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை என்ட்ரி. முதல் ஆளாக உள்ளே போக வேண்டும். பெரும்பாலும் முதல் ஆளாகச் செத்தும் போக வேண்டும். டைப் அடிக்கிற வேலையும் இந்த வேலையும் ஒரு கீபோர்டிடம் கேட்பது நேர் எதிரான குணங்களை. இரண்டுக்கும் ஒரே பலகையை வைத்துப் பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

வூட்டிங் ஒரு நெதர்லாந்து நிறுவனம். 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் ஆட்களிடம் பணம் திரட்டித் தன் முதல் கீபோர்டைச் செய்தது. 60 ஹெச்இ 2022-இல் கைக்கு வரத் தொடங்கியது. பெயரில் உள்ள 60, முழு கீபோர்டில் அறுபது சதவீதம் என்பதைக் குறிக்கும்: எண்பலகை கிடையாது, அம்புக்குறிகள் கிடையாது, மேலே எஃப் வரிசை கிடையாது. மொத்தம் 61 கீ. ஹெச்இ என்பது ஹால் எஃபெக்ட். காந்தப் புலத்தில் வைத்த உலோகத்தில் மின்சாரம் பாய்ந்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகிறது என்று எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்தார். 1960-களின் கடைசியிலேயே ஹனிவெல் நிறுவனம் இதை வைத்துக் கீபோர்டு செய்துவிட்டது. ஆக, தொழில்நுட்பம் பழசு. அதைக் கொண்டுவந்து துப்பாக்கிச் சண்டை கேமில் பொருத்தியதுதான் புதுசு.

சாதாரண மெக்கானிக்கல் சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். கீயை அழுத்தினால் ஓர் இடத்தில் அவை தொட்டுக்கொள்ளும், கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சில் கீ மொத்தம் 4 மி.மீ. இறங்கும், பாதி வழியில், 2 மி.மீ. ஆழத்தில் தகடுகள் தொடும். அந்த இடம் தொழிற்சாலையிலேயே முடிவானது, நம்மால் நகர்த்த முடியாது. விடும்போதும் அதே கதைதான். அடிவரை குத்திவிட்டு விரலை எடுத்தால், கீ பாதி உயரம் ஏறும்வரை நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும்.

60 ஹெச்இ-யில் தொடுவதற்குத் தகடே இல்லை. கீயின் தண்டில் ஒரு சின்னக் காந்தம், கீழே சர்க்யூட் போர்டில் ஒரு சென்சார். காந்தம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை வைத்துக் கீ எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சென்சார் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். மெக்கானிக்கல் கீபோர்டை லைட் சுவிட்ச் என்று வைத்துக்கொண்டால் இது ஃபேன் ரெகுலேட்டர். எந்த ஆழத்தில் 'அழுத்தியாச்சு' என்று எடுத்துக்கொள்வது என்பதை 0.1 மி.மீ. முதல் 4 மி.மீ. வரை, ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக நாமே வைக்கலாம்.

ஆனால் இதை ஆட்கள் தேடிப்போய் வாங்குவது அதற்காக இல்லை. ரேபிட் ட்ரிகர் என்ற வசதிக்காக. அதை இயக்கிவிட்டால் கீபோர்டு ஆழத்தை மறந்துவிட்டுத் திசையைப் பார்க்கத் தொடங்கும். கீ கீழே போகிறதா, அழுத்தம். ஒரு மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்கு மேலே வந்ததா, விட்டாயிற்று. மறுபடி இறங்கியதா, மறுபடி அழுத்தம். இதெல்லாம் கீ பாதி ஆழத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும்போது நடக்கும். பாட்டுக்குத் தாளம் தட்டுகிற ஓசு என்ற கேமை ஆடுகிறவர்கள் முதலில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வினாடிக்குப் பத்துக்கு மேல் தட்டுகிறவர்களுக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்களுக்கு இது எதற்கு என்று கேட்டால், அந்த கேமில் நிற்பதுதான் பெரிய வித்தை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டா எங்கேயோ போகும். முழு வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் குறி நேராகும். நகரும் கீயை வெறுமனே விட்டால் ஆள் உடனே நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே போவான். எதிர்ப்பக்கக் கீயை ஒரு தட்டு தட்டினால் சட்டென்று நிற்பான். இதற்குக் கவுண்டர்-ஸ்ட்ரேஃப் என்று பெயர்.

மறைவிலிருந்து வெளியே வந்து சுடும் பீக் ஒன்றை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சுவரோரம் நிற்கிறீர்கள். நடுவிரல், மோதிர விரல், ஆள்காட்டி விரல் மூன்றும் கீகள் மேலே. ஆள்காட்டி விரலால் டி-யை அழுத்தி வலப்பக்கம் வெளியே வருகிறீர்கள். எதிராளியின் தோள்பட்டை திரையில் தெரிகிறது. டி-யை விட்டு, மோதிர விரலால் ஏ-வை ஒரு தட்டு. ஆள் நின்ற அந்தக் கணத்தில் ஏகே-47-இன் முதல் தோட்டா போக வேண்டும். ஏ-வைச் சீக்கிரம் தட்டினால், டி இன்னும் விடுபடாததால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்து ஆள் தன்பாட்டுக்கு வழுக்குவான். தாமதமாகத் தட்டினாலும் வழுக்குவான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய இடத்தை விரல் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு மேட்சில் இதைச் செய்துகொண்டே இருப்பீர்கள். நல்ல ஆட்டக்காரருக்கு இதைச் செய்கிறோம் என்ற நினைப்பே வராது.

மெக்கானிக்கல் கீபோர்டில் டி மேலே ஏறும் அந்த 2 மி.மீ. பயணம் முழுக்க நம் கணக்கில் சேரும். விரல் விட்டுவிட்டது, கீபோர்டு விடவில்லை. பழகிய கை அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஏ-வைக் கொஞ்சம் தள்ளித் தட்டக் கற்றிருக்கும். ரேபிட் ட்ரிகருக்கு மாறியதும் அந்தக் கணக்கு தேவையில்லாமல் போகிறது. அதனால் முதலில் ஆட்டம் கெடும். கொஞ்ச காலம் எல்லாவற்றையும் தாமதமாகச் செய்வதுபோல இருக்கும். அப்புறம் கை புது அளவைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு வித்தியாசம் தெரிந்தது நீண்ட தூர ஒற்றைத் தோட்டாக்களில். கிட்டத்தில் நடக்கும் அமளியில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் டீமில் சின்னவன் ஒருவன் இருக்கிறான். நான் பெருமையாக இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், "கீபோர்டு புதுசுதாண்ணே, ஆனா சாவுற இடம் அதேதான்" என்றான். நியாயமான மதிப்புரை.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நாலு கீயில்தான் கை வைக்க வேண்டும் என்று எந்த நிறுவனமும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ஆரம்ப காலத் துப்பாக்கி கேம்களில் பலர் அம்புக்குறிகளில்தான் நடந்தார்கள். அந்த நாலு எழுத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங்குக்கு உண்டு. 1997-இல் நடந்த குவேக் என்ற துப்பாக்கி கேமின் போட்டியில் முதலாவதாக வந்து, அந்த கேமைச் செய்தவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் சொந்த ஃபெராரி 328 காரைப் பரிசாக ஓட்டிக்கொண்டு போனவர் அவர். ஜெயிக்கிறவனின் கை எங்கே இருக்கிறதோ அங்கே மற்றவர்களின் கையும் போகும். அடுத்த ஆண்டு வந்த ஹாஃப்-லைஃபில் அந்த நாலு கீயே இயல்பான அமைப்பாக வந்துவிட்டது. அந்த ஹாஃப்-லைஃபை ஆட்டக்காரர்கள் தாங்களே மாற்றியமைத்ததில் பிறந்ததுதான் 1999-இன் கவுண்டர்-ஸ்ட்ரைக்.

ஆட்டக்காரர் கண்டுபிடிப்பதும் அதைக் கம்பெனி பெட்டியில் போட்டு விற்பதும் அன்றிலிருந்தே நடந்துவருகிறது. ஃபேட்டாலிட்டி என்ற பெயரில் ஆடிய ஜொனாதன் வெண்டல் 2005-இல் ஒரே போட்டித் தொடரின் இறுதியில் 1,50,000 டாலர் ஜெயித்தார். அவர் பெயர் ஒட்டிய சவுண்டு கார்டுகளும் மதர்போர்டுகளும் கடைகளில் அடுக்கியிருந்தன. சவுண்டு கார்டு வாங்கினால் அவர் காது வந்துவிடுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கொரியா. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற படை நடத்தும் கேம் அங்கே வெறும் கேமாக இல்லாமல் தொழிலாகவே ஆனது. 2000-இல் அதற்கென்று தனி தொலைக்காட்சி சேனல், வீரர்களுக்குச் சங்கம். 2004-இல் பூசான் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். அங்கிருந்த முதல் தர வீரர்கள் நிமிடத்துக்கு 300 செயல்களுக்கு மேல் செய்கிறவர்கள். அவர்கள் பலர் விரும்பி வைத்திருந்தது சாம்சங்கின் டிடி-35 என்ற சவ்வுக் கீபோர்டை. மெக்கானிக்கல்கூட இல்லை, அலுவலக மேசைகளில் கிடக்கிற ரகம். உலகத்திலேயே வேகமான கைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. இதை எழுதிவிட்டு என் மேசையைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, கீபோர்டுக்கு வருகிறேன். அறுபது சதவீத அளவு எதற்கு என்று டைப் அடிக்கிறவர்கள் கேட்பார்கள். தொழில்முறை மேட்சுகளைப் பார்த்தால் விடை தெரியும். பெரும்பாலான கவுண்டர்-ஸ்ட்ரைக் வீரர்கள் மவுஸின் வேகத்தை மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். எஸ்1எம்பிள் என்ற வீரர் மவுஸின் வேகத்தை 400 டிபிஐ-யும் கேமுக்குள் 3.09-உம் வைத்து ஆடியதைப் பார்த்து அதே எண்ணை அடித்துவைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வேகம் குறைவென்றால் திரும்பிப் பார்க்க முழங்கையோடு சேர்த்து வீச வேண்டும். மவுஸுக்கு மேசையில் நிறைய இடம் வேண்டும். போட்டி அரங்குகளில் ஐந்து பேர் நெருக்கி உட்காரும் மேசையில் அந்த இடம் கீபோர்டிடமிருந்துதான் கிடைக்கும். அதனால்தான் பலரும் கீபோர்டைச் சாய்த்து, சிலர் ஏறக்குறைய நெட்டுக்குத்தாகவே திருப்பி வைத்திருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது ஸ்டைல் மாதிரி தெரியும். வீட்டில் ஆள் நீள மேசையில் தனியாக உட்கார்ந்து ஆடுகிறவரும் கீபோர்டைக் குறுக்கே திருப்பி வைத்திருப்பதைப் பார்த்தால், அது இப்போது ஸ்டைலாகவே ஆகிவிட்டது என்றும் தெரியும்.

இந்தப் பண்பாட்டில் இப்படி நிறைய. பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர்களின் 4:3 வடிவத்தை அகலத் திரையில் இழுத்துவைத்து ஆடுவது. திரை நடுவில் இருக்கும் குறியின் நிறத்தையும் நீளத்தையும் ஒரு குறியீடாக நகலெடுத்து ஒட்டிக்கொள்வது. மானிட்டர் எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று ஒவ்வொரு போட்டிக்கும் அளந்து வைப்பது. சிலவற்றுக்குக் காரணம் உண்டு, சிலவற்றுக்குக் காரணம் எப்போதோ செத்துப்போய்விட்டது. எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. நானும் 4:3-தான்.

60 ஹெச்இ-யின் சிறப்பு, அளவு காரணமாக இந்த மேசைக் கணக்குக்குள் சாய்க்காமலே அடங்கிவிடுகிறது. இன்னொன்று, செட்டிங்ஸ் எல்லாம் கீபோர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். வூட்டிலிட்டி என்ற அதன் மென்பொருளைப் பிரவுசரிலேயே திறந்து மாற்றிக்கொள்ளலாம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. எல்லோரும் ஒரே அரங்கில் கூடி ஆடும் லேன் போட்டிக்குப் போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். அங்கே இருப்பது நம் கம்ப்யூட்டர் இல்லை. கண்டதையும் அதில் நிறுவ விடமாட்டார்கள். வயரைச் செருகினால் நம் கீபோர்டு நம் கீபோர்டாகவே இருக்க வேண்டும். இது இருக்கிறது.

இதற்கு முன் நான் வைத்திருந்த காந்தக் கீபோர்டு வேறொரு நிறுவனத்தினுடையது, பெயர் வேண்டாம். அதன் மென்பொருள் கணக்குத் தொடங்கச் சொல்லும், பின்னணியில் ஓடும், அடிக்கடி புதுப்பிக்கச் சொல்லும். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு சென்சாரின் அளவுத்திருத்தம் கலைந்து, யாரும் தொடாமலே டி அழுந்திக்கொள்ள ஆரம்பித்தது. ரவுண்டு நடுவில் என் ஆள் தானாகப் பக்கவாட்டில் நடந்து எதிராளி முன்னால் போய் நின்றான். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள் என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. காந்தச் சுவிட்சில் உரசித் தேய்வதற்குத் தகடு இல்லை என்பது உண்மை. ஆனால் அளக்கும் மென்பொருள் மோசமானால் மொத்தமும் மோசம். இந்த வகைக் கீபோர்டு வாங்கும்போது சுவிட்சைவிட மென்பொருளைத்தான் விசாரிக்க வேண்டும்.

விளம்பர எண்களைப் பற்றியும் இரண்டு வரி. புதுக் கீபோர்டுகள் வினாடிக்கு 8000 முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புவதாகப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகின்றன. என்னிடம் இருக்கும் மாடல் 1000 முறை. அதாவது ஒன்றில் 0.125 மில்லி வினாடி, மற்றதில் 1 மில்லி வினாடி. 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்வது நாலு மில்லி வினாடிக்கு மேல். கவுண்டர்-ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் சர்வர் வினாடிக்கு 64 முறை கணக்குப் போடுகிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் இடைப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது என்றாலும், கண்ணில் பட்டதிலிருந்து விரல் அசைய மனிதனுக்குக் கிட்டத்தட்ட 200 மில்லி வினாடி பிடிக்கிறது. அந்த 200-ஐ வைத்துக்கொண்டு 0.875-க்காக மாடல் மாற்றுகிறவர்களைத் தடுக்க என்னால் முடியாது. ரேபிட் ட்ரிகர் மிச்சப்படுத்துவது இதைவிட மிகப் பெரிய அளவு; அது விரல் ஏறுகிற தூரத்தின் நேரம்.

இனி அந்த அணைக்க வேண்டிய வசதி. 2024 ஜூலையில் ரேசர் நிறுவனம் தன் ஹன்ட்ஸ்மேன் வி3 ப்ரோ கீபோர்டுகளுக்கு ஸ்னாப் டாப் என்ற ஒன்றைக் கொடுத்தது. டி-யை அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஏ-வை அழுத்தினால், கீபோர்டு தானாகவே டி-யை விட்டுவிட்டதாகத் தகவல் அனுப்பும். ஏ-வை விட்டால் மறுபடி டி. மேலே நான் பத்தி முழுக்க எழுதினேனே, சீக்கிரமும் இல்லாமல் தாமதமும் இல்லாமல் விரல் கண்டுபிடிக்க வேண்டிய அந்த மெல்லிய இடம், அதைக் கீபோர்டே ஒவ்வொரு தடவையும் பிசகாமல் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். வூட்டிங்கும் சும்மா இருக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் ஸ்னாப்பி டாப்பி வந்தது. இரண்டு கீயில் எது ஆழமாக அழுந்தியிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் ராப்பி ஸ்னாப்பியும் வந்தது. பெயர்களைக் கேட்டால் குழந்தைகளுக்கான பிஸ்கட் மாதிரி இருக்கும். விஷயம் அவ்வளவு விளையாட்டானது இல்லை.

கேமுக்குள் கட்டளை எழுதி இதையே செய்யும் தந்திரம் அதற்கு முன்பே உண்டு. சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கோ இந்த வாதம் ரொம்பப் பழசு. ஸ்டிக்குக்குப் பதில் எல்லாமே பொத்தானாக இருக்கும் கன்ட்ரோலர்கள் வந்தபோது, இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தினால் என்ன ஆக வேண்டும் என்பதை அவர்கள் போட்டி விதியாகவே எழுத வேண்டியதாயிற்று. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் அது கடைச்சரக்கானபோதுதான் தீ பற்றியது. 2024 ஆகஸ்ட் 19 அன்று வால்வ் முடிவு சொன்னது: கருவியின் துணையோடு கவுண்டர்-ஸ்ட்ரேஃப் செய்வது போன்ற தானியங்கி உள்ளீடு தன் சர்வர்களில் கண்டுபிடிக்கப்பட்டால் மேட்சிலிருந்து வெளியேற்றம். குதிப்பதையும் குண்டு எறிவதையும் ஒரே கீயில் கட்டிவைத்திருந்த பழைய பைண்டுகளும் அதே புதுப்பிப்போடு வேலை செய்யாமல் போயின. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் கேட்டால் சரிதான் என்பேன்.

எங்கள் டீமிலேயே இதில் இரண்டு கட்சி. ரேபிட் ட்ரிகரும் கருவியின் உதவிதானே, அதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும், 240 ஹெர்ட்ஸ் மானிட்டரும் உதவிதானே என்பது எதிர்க்கட்சியின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் பதில் எளிது. ரேபிட் ட்ரிகர் விரல் செய்ததைச் சீக்கிரம் சொல்கிறது. ஸ்னாப் டாப் விரல் செய்யாததைச் சொல்கிறது. டி மேல் விரல் இன்னும் அழுத்தமாக இருக்கும்போதே 'விட்டாச்சு' என்று கீபோர்டு பொய் சொல்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பெரிய போட்டிகளுக்கு மேஜர் என்று பெயர்; 2013-இல் நடந்த முதல் மேஜரில் மொத்தப் பரிசு 2,50,000 டாலர்; 2021 ஸ்டாக்ஹோமில் நாவி டீம் ஒரு மேப்கூட (ஒரு களத்து ஆட்டம்கூட) தோற்காமல் ஜெயித்த மேஜரில் 20 லட்சம் டாலர். அந்தப் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் விரலைப் பழக்கிய ஆளின் வித்தையை ஒரு டிக் பெட்டியில் எல்லோருக்கும் கொடுத்தால், பார்க்க வருகிறவனுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கும்? தடை இல்லாத கேம்களில் அதைப் போட்டுக்கொள்வது உங்கள் இஷ்டம்.

டைப் அடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தமிழ்99-இல் டபிள்யூ, ஏ, எஸ், டி நாலும் உயிரெழுத்துகள்: ஈ, அ, இ, உ. இடதுகையில் பெரும்பாலும் உயிர், வலதுகையில் மெய். கேமுக்காக அந்த நாலையும் 0.1 மி.மீ.-இல் வைத்துவிட்டு அப்படியே வேலைக்கு உட்கார்ந்தால், இடதுகை விரல் சும்மா ஓய்வெடுப்பதையும் கீபோர்டு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ப அடித்த கையோடு எஸ் மேல் விரல் லேசாகச் சாய்ந்தால் போதும், 'பணம்' 'பிணம்' ஆகிவிடும். குடும்பக் கதையின் சப்டைட்டிலில் மாமனார் மருமகனிடம் "பிணம் அனுப்பிவிட்டேன்" என்று சொல்லாமல் இருக்க, தட்டச்சுக்கென்று தனி ப்ரொஃபைல் வேண்டும். அதில் எல்லாக் கீயும் 2 மி.மீ., ரேபிட் ட்ரிகர் கிடையாது. இரண்டு ப்ரொஃபைலுக்கும் நடுவில் மாற ஒரு கீ சேர்க்கை போதும். அப்படி வைத்தால் டைப் அடிக்க இது சுமாரான, குறை சொல்ல முடியாத பலகை. அம்புக்குறி இல்லாதது வேலையில் தினமும் உறுத்தும். வரிக்கு வரி நேரம் சரிபார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு எஃப் வரிசை இல்லாதது அதைவிட உறுத்தும். எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தினால் எல்லாம் கிடைக்கும் என்பது உண்மை. எழுதுவதே பிழைப்பு என்றால் அந்த 'சேர்த்து' என்பது நாளில் நூற்றுக்கணக்கான தடவை.

உடல் பிளாஸ்டிக். கனமான அலுமினியத்தைத் தட்டி ரசிக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். வயர் உண்டு, வயர்லெஸ் கிடையாது. பக்கத்தில் ஒரு துணிப்பட்டை தொங்கும். அதற்கு ஒரு வேலையும் இல்லை, ஆனால் அதை வைத்துத்தான் அரங்கில் யாருடைய மேசையில் இது இருக்கிறது என்று அடையாளம் கண்டுபிடிப்பார்கள். சுவிட்சைக் கழற்றி மாற்றலாம், காந்தச் சுவிட்சாகத்தான் இருக்க வேண்டும். கார் ஓட்டும் கேம்களில் கீயைப் பாதி அழுத்தினால் பாதி வேகம் என்று வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பத்து நிமிடம் வேடிக்கையாக இருந்தது.

மணிக்கட்டு வலி இருப்பவர்கள், லேசான கீபோர்டு வாங்கினால் வலி போய்விடும் என்று இதைப் பார்க்கிறார்கள். ஸ்டார்கிராஃப்டின் ஃப்ளாஷ் 2011-இல் கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2023-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமின் ஃபேக்கர் கை வலியால் சில வாரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அவர் இல்லாமல் அவர் டீமான டி1 வரிசையாகத் தோற்றது. அவர்களுக்குக் கிடைக்காத கீபோர்டா? வலிக்கு மருத்துவரைப் பாருங்கள், மேசை உயரத்தைச் சரிபாருங்கள், எழுந்து நடங்கள். கீபோர்டு கடைசி.

யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், கவுண்டர்-ஸ்ட்ரேஃப் ஏற்கெனவே கையில் படிந்தவர்களுக்கு, லேன் போட்டிகளுக்குக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, ஓசு ஆடுகிறவர்களுக்கு. இப்போதுதான் கேமுக்குள் வந்தவர்கள் கையில் இருக்கிறதை வைத்தே ஆடலாம்; டிடி-35 வைத்து என்னென்ன செய்தார்கள் என்று பார்த்தோமே. வாங்கினால் 0.1-இல் தொடங்காதீர்கள். நகரும் நாலு கீயையும் 1 மி.மீ.-இல் வைத்து, ரேபிட் ட்ரிகரை 0.3 அளவில் போட்டு, தவறி அழுந்துவது நின்றபின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். குண்டு எறியும் கீயை மட்டும் ஆழமாகவே விட்டுவையுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கைத் திறப்பதற்கு முன் ப்ரொஃபைலில் ஸ்னாப்பி டாப்பியும் ராப்பி ஸ்னாப்பியும் அணைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். இல்லாவிட்டால் சர்வர் வெளியே அனுப்பும். மிச்சம் நாலு பேர் உங்களைத் திட்டிக்கொண்டே மேட்சை முடிப்பார்கள்.